இருபத்துநான்காம் யார்டு

சவப்பெட்டி வைக்கும் ஸ்டாண்டைக் கூடத்தின் நடுவில் இறக்கிவிட்டு, அதோடு வரும் சிலுவை விளக்குக்கு பிளக் தேடிக்கொண்டிருந்தார் ராதாகிருஷ்ணன். சுவரோரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. ஏற்கெனவே அதில் எதையோ செருகியிருந்தார்கள். அதைப் பிடுங்குவதற்குக் குனிந்தார். சமையலறையிலிருந்து பெர்னிஸ் பாய்ந்து வந்த வேகத்தில் வாடகை நாற்காலிகள் இரண்டு கவிழ்ந்தன.

"அண்ணே, அதத் தொடாதீங்க!"

அவர் கையை எடுத்துக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இருபது வருஷமாகச் சாவு வீடுகளுக்குச் சாமான் இறக்குகிறவர். கத்தல் கூச்சல் எல்லாம் அவருக்குப் பழகிப்போனது.

"ஷாக் அடிக்குமா மா?"

"இல்லண்ணே. அதுக்கு வர்ற கரண்ட அடைக்கக் கூடாது. ஒரு செகண்டுகூட அடைக்கக் கூடாது."

அந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தார். ஆள் உயரத்தில் ஒரு மரப்பெட்டி. நடுவில் கண்ணாடித் திரை, அதன் கீழே ஒரு கைப்பிடியும் இரண்டு பொத்தான்களும். திரையில் யாரும் தொடாமலே குட்டி ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஆள் போன வீட்டுல டிவியக்கூட அடைச்சிருவாங்க மா. ஃபாதர் வந்து பாத்தா என்ன நெனப்பாரு?"

பெர்னிஸ் சமையலறையிலிருந்து ஒரு பிளக் இழுத்துத் தருவதாகச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினாள்.

அவளுடைய அப்பா மாரிஸ் அன்று காலை ஐந்தே முக்காலுக்கு உள்ளறைக் கட்டிலில் இறந்துபோனார். அறுபத்தொன்பது வயது. உடலுக்கு மருந்து ஏற்றுவதற்காக எடுத்துப் போயிருந்தார்கள். நான்கு மணிக்குப் பெட்டியில் வைத்துத் திரும்பக் கொண்டுவருவார்கள். நாலரைக்கு ஃபாதர் வந்து செபம் சொல்வார், மறுநாள் அடக்கம். இப்போது மணி ஒன்று. மரப்பெட்டி நிற்கிற இடத்தில்தான் சவப்பெட்டியின் தலைமாடு வரவேண்டும். இந்தத் தரைத்தளப் பிளாட்டில் வேறு எங்கே வைத்தாலும் வாசல் அடைபடும்.

மாரிஸின் அப்பாவுக்கு ரயில்வேயில் சிக்னல் கேபின் வேலை. மாரிஸ் வளர்ந்ததும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான். ஆனால் ரயில்வேக்குப் போகவில்லை. எண்பதுகளில் ஊரெல்லாம் கேம் கடைகள் முளைத்தபோது அவரும் ஒன்று வைத்தார். ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் இயந்திரங்கள், அவற்றைப் பார்த்து தைவானில் அடித்த நகல்கள், எது நின்றுபோனாலும் பின்பலகையைக் கழற்றி உயிர் கொடுத்துவிடுவார். மற்றவர் செய்த கேம்களை ரிப்பேர் பண்ணியே காலம் போகிறதே என்று ஒருநாள் ரோஷம் வந்துவிட்டது. இரண்டு வருஷம் உட்கார்ந்து சொந்தமாக ஒன்று எழுதினார். அதற்கு 'யார்டு' என்று பெயர். ஒவ்வொரு கட்டமும் ஒரு ரயில் யார்டு. வண்டிகள் வந்துகொண்டே இருக்கும், கைப்பிடியால் தண்டவாளத்தை மாற்றிவிட்டு ஒவ்வொன்றையும் அதனதன் லைனில் நிறுத்த வேண்டும். இரண்டு வண்டி முட்டினால் ஆட்டம் முடிந்தது, திரும்ப முதல் யார்டிலிருந்து வரவேண்டும். குறுக்கு வழி ஒன்றுகூடக் கிடையாது. குறுக்கு வழி வைப்பது விளையாட வந்தவனை முட்டாள் என்று சொல்வதற்குச் சமம் என்பது மாரிஸின் கட்சி.

அரசாங்கம் கேம் கடைகளை மூடச் சொன்ன வருஷம் மற்ற இயந்திரங்களெல்லாம் பழைய இரும்புக்குப் போயின. இது மட்டும் வீட்டுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. பெர்னிஸின் அம்மா கெர்ட்ரூட் அதற்கு 'அந்தப் பொட்டி' என்று பெயர் வைத்தாள். வேறு பெயர் சொல்லி அவள் அதைக் குறிப்பிட்டதே இல்லை.

கேம் எப்படி ஓட வேண்டும் என்கிற சட்டமெல்லாம் சிப்புகளில் பத்திரமாக இருந்தது. யார்டுகளின் படம் மட்டும் அப்படியில்லை. தினம் ஒரு தண்டவாளத்தையாவது தள்ளிப் போட்டுப் பார்க்காவிட்டால் மாரிஸுக்குத் தூக்கம் வராது. அதனால் அழித்து எழுத வசதியான ஒரு நினைவுச் சிப்பில் அவற்றை வைத்திருந்தார். அந்தச் சிப்புக்கு எந்நேரமும் மின்சாரம் வேண்டும். இயந்திரத்தை அடைத்தாலும் கட்டைவிரல் அளவு பேட்டரி ஒன்று அதைக் காப்பாற்றும். போன பிப்ரவரியில் அந்தப் பேட்டரி செத்துப்போனது. மாரிஸின் கைகள் அப்போது சாதம் பிசையக்கூட முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தன, ஈயம் உருக்கி ஒயரைப் பற்றவைக்கிற வேலையை நினைத்தே பார்க்க முடியாது. "வந்து ஒரு பேட்டரி மாத்திக் குடு பெர்னி" என்று போன் செய்தார். "அடுத்த வாரம் டேடி" என்றாள். அந்த அடுத்த வாரம் ஏழு மாதமாக வரவில்லை. ஏழு மாதமும் இயந்திரத்தை அடைக்காமலே வைத்திருந்தார்கள். இத்தனை நாளில் ஒருமுறைகூடக் கரண்ட் போகாதது பெர்னிஸ் செய்த புண்ணியமாகத்தான் இருக்க வேண்டும்.

இன்றைக்குக் கடைக்கு ஓடிப்போய் ஒரு யூபிஎஸ் வாங்கி வந்தாலும், இருக்கிற பிளக்கைப் பிடுங்காமல் அதை மாட்ட முடியாது.

அப்பா செத்துக் கிடக்கும்போது ஒரு கேமுக்காக இவ்வளவு அலைகிறாளே என்று யாராவது கேட்டால் அவள் கிறிஸ்துமஸ் கதையைச் சொல்லவேண்டி வரும். பெர்னிஸ் பங்சாரில் போன் கேம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கட்டங்கள் அமைப்பதுதான் வேலை, அப்பா செய்த அதே வேலை. போன கிறிஸ்துமஸுக்கு அவள் போனிலேயே அவள் கேமை நான்கு நாள் விளையாடிப் பார்த்துவிட்டு மாரிஸ் சொன்னார்: "காத்திருந்தா ஜெயிக்கலாம். காசு கட்டினா ஜெயிக்கலாம். வெளையாடினா ஜெயிக்க முடியல. தோத்தவனுக்கு ஏன் தோத்தோம்னே தெரியல. இது என்னா கேம்?" பெர்னிஸுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னதும் லேசானதல்ல. "ஒங்க கேம வெளையாட இந்த ஒலகத்துல ஒரு ஆள் இருக்கா டேடி? ஒரே ஒரு ஆள்?"

மாரிஸ் கேக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஜனவரியில் புதிதாக ஒரு யார்டு போட ஆரம்பித்தார், இருபத்துநான்காவது. "ஒனக்குத்தான். முடியட்டும், அப்புறம் பாரு" என்றார். அவர் அவளுக்குச் சொல்ல நினைத்த பதில் எதுவாக இருந்தாலும் அது அந்த இருபத்துநான்காம் யார்டில்தான் இருந்தது. அவள் இன்னும் அதைப் பார்க்கவில்லை.

பார்க்க வேண்டுமானால் முதல் இருபத்துமூன்றையும் முட்டாமல் தாண்ட வேண்டும். உடலை எடுத்துப்போன கையோடு, காலை ஏழு மணிக்கே பெர்னிஸ் கைப்பிடியைப் பிடித்துவிட்டாள். முதலில் பதினொன்றில் முட்டியது. அடுத்து பதினான்கு. அதற்கு அடுத்ததும் பதினான்கு. துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலிலேயே திகைத்து நின்றார்கள். "அப்பன் போயி அரை நாள்கூட ஆகல, பொண்ணு நின்னு கேம் வெளையாடுது" என்று பக்கத்து வீட்டு வீரம்மா சொன்னது அவள் காதில் விழுந்தது. விழட்டும் என்று நான்காவது தடவையும் ஆரம்பித்தாள். அதுவும் பதினான்கில்தான் போய் நின்றது. உள்ளறையிலிருந்து ஒருமுறை எழுந்து வந்த கெர்ட்ரூட் அவள் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாள்.

ஒன்றரைக்கு அண்ணன் திமோத்தி வந்து சேர்ந்தான். மேரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு வேலைகளைப் பங்கு போடுவதுதான் அவன் அழுகிற விதம்.

"இத மொதல்ல பின்பக்கம் தள்ளு. நாலு மணிக்கு வேன் வந்துரும்."

"அடைக்காமத் தள்ள முடியாது அண்ணே. ஒயர் எட்டாது."

"அப்ப அடைச்சிட்டுத் தள்ளு லா."

"அடைச்சா டேடி போட்ட எல்லாமே போயிரும்!"

"டேடியே போயிட்டாரு பெர்னி." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மூணு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் நானே பிடுங்கிருவேன். மம்மி முன்னாடி இந்தப் பொட்டிக்காகச் சண்ட போட என்னால முடியாது."

அவனைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் நாற்பது பேர் உட்கார வேண்டும், சவப்பெட்டிக்கு இடம் வேண்டும், ஒரு கேம் இயந்திரம் குறுக்கே நிற்கிறது. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

பெர்னிஸ் அப்பாவின் கருவிப்பெட்டியைத் திறந்தாள். பற்றவைக்கும் கம்பி, ஈயச்சுருள், மீட்டர். அவற்றின் அடியில் உறை பிரிக்காத புதுப் பேட்டரி ஒன்று, சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்களோடு. வாங்கிய ரசீதையும் அதிலேயே சுற்றி வைத்திருந்தார். பிப்ரவரி ஒன்பதாம் தேதி போட்டிருந்தது. அவள் வருவாள் என்று அன்றைக்கே வாங்கி வைத்திருக்கிறார். பெர்னிஸுக்கு அங்கேயே சுவரில் தலையை முட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மணி இரண்டே கால் ஆகிவிட்டதால் அதற்கும் நேரமில்லை.

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பற்றவைக்க வேண்டும். பின்பலகையின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சமையலறையில் யாரோ டீக்கு மின்கெட்டிலைப் போட்டார்கள். விளக்கு மங்கியது, திரை ஒரு நொடி சுருங்கி விரிந்தது. பெர்னிஸ் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"கெட்டில அடைங்க! யாரும் எதையும் போடாதீங்க!"

"டீகூடப் போடக் கூடாதாம்" என்றாள் வீரம்மா.

ராதாகிருஷ்ணன் சமையலறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களை எல்லாம் கையமர்த்தினார். அவருக்கு அங்கே இனிமேல் வேலை இல்லை. வேன் வரும்வரை எங்கேயாவது உட்காரத்தான் வேண்டும்.

பலகைக்குப் பின்னால் தூசியும் சூடுமாக இருந்தது. பழைய பேட்டரியை மாரிஸ் எப்போதோ வெட்டி எடுத்துவிட்டிருந்தார். அதற்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு ஒயர்கள் மட்டும் நுனியில் டேப் சுற்றித் தொங்கின. ஒன்று சிவப்பு, இன்னொன்று பச்சை. டேப்பைப் பிரித்தாள். விரல் வியர்த்து வழுக்கியது. சின்ன வயதில் கடையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பற்றவைத்த கைதான். இருந்தாலும் பத்து வருஷமாக கம்ப்யூட்டர் மவுஸைத் தவிர வேறெதையும் பிடிக்காத கை.

"பெர்னி, மணி மூணு."

"அஞ்சே நிமிஷம்."

"வேன் கெளம்பிருச்சாம். சீக்கிரமே வருதாம்."

மீட்டர் கருவிப்பெட்டியிலேயே இருந்தது. அதை எடுத்து, எந்த ஒயர் எது என்று ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்கலாம். அரை நிமிஷ வேலை. ஆனால் அவள் படித்த புத்தகத்திலும் பார்த்த இயந்திரத்திலும் சிவப்பு என்றால் பிளஸ்தான், அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? திமோத்தி பிளக் பக்கத்தில் வந்து நின்றுவிட்டான். பெர்னிஸ் கறுப்பைப் பச்சையோடு முறுக்கிப் பற்றவைத்தாள். நன்றாகப் பிடித்தது. பிறகு சிவப்பைச் சிவப்பின்மேல் வைத்தாள்.

சின்னதாக ஒரு பொறி பறந்தது. ஈயம் கருகிய நாற்றம் வந்தது. கூடத்திலிருந்து ராதாகிருஷ்ணனின் குரல் கேட்டது.

"அடைஞ்சிருச்சு மா."

பெர்னிஸ் ஒயரைப் பிடுங்கிவிட்டு முன்பக்கம் ஓடினாள். இருண்ட திரை திரும்ப ஒளிர்ந்தது. 'யார்டு 1' என்று எழுத்து வந்தது. எழுத்துக்குக் கீழே ஒரு தண்டவாளம்கூட இல்லை. வெறும் கறுப்பில் ஒரே ஒரு வண்டி இடமிருந்து வலமாகப் போய் மறைந்தது. மறுபடி இடப்பக்கம் வந்தது.

"கோசோங்கா இருக்கே மா, ஒண்ணுமே இல்ல" என்றார் ராதாகிருஷ்ணன்.

காலையிலிருந்து எல்லாரிடமிருந்தும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றியவள், கடைசியில் தன் கையாலேயே அழித்துவிட்டாள். பெர்னிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். திமோத்தி அவளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். திட்ட வேண்டுமென்றுதான் வாயெடுத்திருப்பான். ஆனால் குனிந்து அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, பிளக்கைப் பிடுங்கினான். இப்போது பிடுங்குவதில் எந்தத் தடையும் இல்லை. நான்கு பேர் சேர்ந்து மரப்பெட்டியைப் பின்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மூன்றரைக்கே மாரிஸ் வந்துவிட்டார். கோட்டு போட்டு, முகத்தில் லேசாகப் பவுடர் பூசி, விரல்களில் செபமாலை சுற்றியிருந்தார்கள். ஏழு மாதமாக நடுங்கிய கைகள் அசையாமல் கிடந்தன. அதைப் பார்த்த பிறகுதான் பெர்னிஸுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து தேக்கி வைத்தது மொத்தமும் வந்தது, வீரம்மாவே எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும் அளவுக்கு.

கெர்ட்ரூட்டைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பெட்டியின் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். கணவரின் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். நெற்றியில் சிலுவை போட்டாள். அவள் காலடியில் வந்து உட்கார்ந்த பெர்னிஸ், குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னாள்.

"மம்மி, டேடி போட்டதெல்லாம் நான் அழிச்சிட்டேன். எனக்குன்னு போட்ட கடைசி யார்டும் போச்சு."

கெர்ட்ரூட் அவள் தலையில் கை வைத்தாள்.

"எந்த ஒயர எதுல குடுத்த?"

"சிவப்ப சிவப்புல."

"ஐயோ பெர்னி." கெர்ட்ரூட் கண்ணை மூடித் திறந்தாள். "ஒங்க டேடிக்கு சிவப்புன்னா நில்லு, பச்சைன்னா போ. கரண்ட் போற ஒயரெல்லாம் பச்சையிலதான் போடுவாரு. கேபின்ல வளந்த மனுஷன் லா. கடையில வேல பாத்தவனுங்க இதுலயே எத்தன போர்டு பொசுக்கியிருக்கானுங்க தெரியுமா? என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

பெர்னிஸ் நிமிர்ந்து பார்த்தாள். 'அந்தப் பொட்டி' பற்றி அம்மாவிடம் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. திமோத்தியைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

"ஒங்களுக்கு எப்படி மம்மி..."

"கை அப்படி ஆடுச்சே, அந்த மனுஷனால எப்படி வெளையாட முடியும்? போட்டுப் பாக்காம அவருக்குச் சோறு எறங்குமா? சமைச்சு முடிச்சிட்டு தெனமும் நான்தான் வெளையாடினேன். அவரு நாற்காலியில உக்காந்து பாப்பாரு." பார்வையைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே பேசினாள். "மொத மாசம் மூணாவதத் தாண்டல. திட்டமாட்டாரு. ஏன் முட்டிச்சு, சொல்லுன்னு கேப்பாரு. சொல்ல வேண்டியது. மறுபடி வெளையாட வேண்டியது. ஜூன்ல இருவத்துநாலுக்கு வந்துட்டேன்."

"காலையில நான் வெளையாடறப்ப வந்து நின்னீங்களே. சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அழற மாதிரி வெளையாடிட்டு இருந்த. தடுக்க வேணாம்னு போயிட்டேன்."

பெர்னிஸ் அம்மாவின் கையைப் பார்த்தாள். வலது கட்டைவிரலின் உட்பக்கம் தோல் தடித்துக் காய்த்திருந்தது. கைப்பிடியை அழுத்திப் பிடிக்கிறவர்களுக்கு அப்படி ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு ஆள் இருக்கிறாரா என்று கேட்ட தன் வாயை நினைத்துக்கொண்டாள்.

"மம்மி, அந்த இருவத்துநாலு... ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"கண்ண மூடினா அதுதான் ஓடுது."

செபப் பாடல் அச்சடித்த தாள்கள் நாற்காலிகளில் கிடந்தன. பெர்னிஸ் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். பேனா கிடைக்கவில்லை. ராதாகிருஷ்ணன் காதில் செருகியிருந்த பென்சிலை உருவிக் கொடுத்தார்.

"எத்தன லைன்?"

"ஏழு. ஆனா வண்டி எட்டு."

"எட்டா? அது எப்படி?"

"நானும் கேட்டேன். இன்னொரு லைன் போடுங்கன்னேன். கேக்கல. கடைசி வண்டி வந்து நிக்கறப்ப பெர்னியே கண்டுபிடிப்பான்னு சொன்னாரு. மேல ரெண்டு லைன் நேராப் போடு. மூணாவது வளையும். இப்படி இல்ல, இன்னும் கீழ." கெர்ட்ரூட் குனிந்து விரலால் தாளின்மேல் கோடு இழுத்துக் காட்டினாள். "இங்க ஒரு பாயிண்ட், தடம் மாத்தற எடம். மொத வண்டி இடப்பக்கம் வரும். அத ஒடனே விட்டுறக் கூடாது, ரெண்டாவது வர வரைக்கும் பிடிச்சு வைக்கணும்."

வாசலில் கார் நின்றது. "ஃபாதர் வந்துட்டாரு" என்று திமோத்தி சொன்னான். நாற்காலிகள் நகர, நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். வெள்ளை அங்கியோடு ஃபாதர் உள்ளே வந்து, பெட்டியின் கால்மாட்டில் நின்று புத்தகத்தைத் திறந்தார். கெர்ட்ரூட் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஞாயிறு பூசைக்கு அரைமணி முன்பே போய் உட்காருகிறவள், வாழ்நாளில் எந்தக் குருவானவரையும் ஒரு நிமிஷம் காக்க வைக்காதவள், கையை உயர்த்தினாள்.

"ஃபாதர், மன்னிச்சிருங்க. ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க."

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. திமோத்தி ஃபாதருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

"ம், போடு" என்றாள் கெர்ட்ரூட். "நாலாவது வண்டி நீளம். அதுக்கு மூணாவது லைன் பத்தாது."

பெர்னிஸ் மூன்றாவது கோட்டை விரலால் தேய்த்து அழித்துவிட்டு, தாளின் ஓரம்வரை நீட்டிப் போட்டாள்.